குதிரை மேல் இருப்பவர்கள்

நெல்லியடிச் சந்தியிலிருந்து யாழ்ப்பாண அரசின் பழங்கதை இரண்டு திசைகளில் பிரிகிறது. கிழக்கே போனால் வல்லிபுரம். 1936இல் பொன்னேடு கிடைத்த இடம். ஆரியச் சக்கரவர்த்திகளின் சிங்கைநகர் இதுவே என்று முதலியார் செ. இராசநாயகம் வாதிட்ட இடம். தெற்கே கொடிகாமம் வீதியைப் பிடித்து வரணியைத் தாண்டிப் போனால் மிருசுவில். அதன் பக்கத்தில் உசன். வல்லிபுரத்தின் பெருமையைச் சொல்லப் பலர் உண்டு. உசனைப் பற்றி யாழ்ப்பாண வைபவமாலை சொல்லும் செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முதல் திசை அரசர்களுடையது. இரண்டாவது, அரசர்களின் கதையில் ஓரிரு வரிகளில் வந்து போகிறவர்களுடையது.

அரசர் கதைகளை நாம் விரும்பிப் படிக்கிறோம். அதில் குற்றம் காண நான் வரவில்லை. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட பெரிய ஆங்கில நூலைப் படித்தவர்கள் சிலரே. சங்கிலி, பரராசசேகரன் என்ற பெயர்கள் நம்முடைய பிள்ளைகளின் வாயில் வருவது கதையாலும் நாடகத்தாலுந்தான். கதை இல்லாவிட்டால் வரலாறு ஆண்டுக் கணக்காகச் சுருங்கிப்போகும். ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அரசனின் கதையைச் சுவைத்துப் படிக்கும் ஒருவருக்கு, அந்த அரசனால் இறந்தவர்கள் மீது ஏதாவது கடமை உண்டா?

சங்கிலியை எடுத்துக்கொள்வோம். வரலாற்றில் சங்கிலிகள் இருவர். முதலாமவன் 1519 முதல் 1561 வரை ஆண்டவன். 1544இல் மன்னாரில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய கரையோர மக்கள் சுமார் 600 பேரைக் கொல்வித்தவன் இவன். இரண்டாமவன் 1617இல் அரச குடும்பத்தவரின் இரத்தத்தின் மீது நடந்து அதிகாரத்துக்கு வந்தவன். 1619இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேராவிடம் சிறைப்பட்டு, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே தலை வெட்டப்பட்டவன். ஒல்லாந்தர் காலத்தில், 1736 அளவில், மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய வைபவமாலை இந்த இருவரையும் ஒருவராக்கிவிடுகிறது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் தம்முடைய விமர்சனத்தில் வைபவமாலையின் வரலாற்றைத் துருவி ஆராய்ந்தார். ஆனாலும் மக்கள் மனத்தில் இருப்பவன் இன்றும் ஒரே சங்கிலிதான்.

இதை வெறும் காலக் குழப்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு பேர் ஒருவராகும்போது இரண்டாமவனின் மரணம் முதலாமவனின் செயலைக் கழுவிவிடுகிறது. அந்நியரிடம் பிடிபட்டு, கடல் கடந்த நாட்டில் தலை இழந்த கடைசி மன்னனுக்காக நாம் விடும் கண்ணீரில் மன்னாரின் 600 பேரும் கரைந்து போகிறார்கள். இரண்டாமவன் தன் இனத்தாரையே கொன்றதும் சேர்ந்து போகிறது. மன்னார்க் கொலைக்கு அரசியற் காரணம் சொல்வார்கள். மதம் மாறியவர்கள் போர்த்துக்கேய அரசனுக்கு விசுவாசமானவர்கள் ஆகிவிடுவார்கள் என்று அவன் அஞ்சினான் என்பார்கள். அப்படி அஞ்சியிருக்கலாம். அச்சத்துக்குக் காரணம் சொல்வது வேறு, இறந்தவர்களை மறப்பது வேறு. நல்லூர் முத்திரைச் சந்தியில் வாளோடு குதிரை மேல் அமர்ந்திருக்கும் சங்கிலியன் சிலையைக் கடக்கும்போது மன்னார் நினைவுக்கு வருகிறதா?

இலண்டனிலும் இப்படி ஒரு சிலை இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டரில் பாராளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே, வாளை உயர்த்தியபடி குதிரை மேல் இருப்பவன் சிங்க நெஞ்சன் என்று பெயர் பெற்ற முதலாம் றிச்சட். அவனைப் பற்றிய கதைகளுக்கும் படங்களுக்கும் கணக்கில்லை. றொபின் ஹுட் கதையின் முடிவில் திரும்பி வந்து எல்லாவற்றையும் சரிசெய்யும் நல்ல அரசன் அவன்தான். 1191 ஆகஸ்டில், அக்கா நகர் வீழ்ந்த பிறகு, சுமார் 2,700 முஸ்லிம் கைதிகளை நகருக்கு வெளியே நிறுத்திக் கொல்வித்தவனும் அவனே. நம்முடைய வாசகர்களுக்கு இது தெரியும். தெரிந்ததும் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் 1187இல் ஹித்தீன் வெற்றிக்குப் பின் ஸலாஹுத்தீன் ஐயூபி, சிறைப்பட்ட டெம்ப்ளர், ஹொஸ்பிற்றலர் வீரர்களைக் கொல்லச் சொன்னதை நாம் எழுதும் ஸலாஹுத்தீன் கதைகளில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்? ஜெரூஸலத்தில் அவர் காட்டிய பெருந்தன்மை உண்மை. அந்த உண்மையைச் சொல்ல மற்றதை மறைக்க வேண்டியதில்லையே.

இந்த மறைத்தல் நம் வீட்டிலும் நடக்கிறது. யாழ்ப்பாண அரசைப் பற்றி முஸ்லிம் எழுத்தாளர்கள் எழுதும்போது தவறாமல் இப்னு பதூதா வருவார். 1344இல் மாலைதீவிலிருந்து மஅபருக்குப் புறப்பட்டவரின் கப்பல் காற்றில் திசைமாறி இலங்கைக் கரைக்கு வந்தது. அவர் பத்தாலா என்று குறிக்கும் ஊர் புத்தளம் என்பர் ஆய்வாளர் பலர். அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றான். பாரசீகம் விளங்கிக்கொண்டான். முத்துகளைக் காட்டி, இப்படி எங்காவது கண்டதுண்டா என்று கேட்டு, அவற்றை அவருக்கே கொடுத்தான். பாவா ஆதம் மலைக்குப் போக விரும்பியவருக்குப் பல்லக்கும் வழித்துணையும் சுமை தூக்கிகளும் கொடுத்தனுப்பினான். கேட்க இனிமையான கதை. நம்மவர் ஒருவரை மதித்த அரசன் அல்லவா?

அதே பயணக் குறிப்பில் சில வரிகளுக்கு முன்னால் இன்னொரு செய்தி இருக்கிறது. கரை தெரிந்ததும் மாலுமிகள் இறங்க அஞ்சினார்கள். இது கொடுங்கோலன் ஒருவனின் நாடு, அவனுடைய கப்பல்கள் கடலில் கொள்ளையடிப்பவை, வணிகர் பயமின்றி வந்து போகும் துறைமுகம் அல்ல இது என்றார்கள். இப்னு பதூதா இதை மறைக்காமல் எழுதிவிட்டுத்தான் முத்துக் கதைக்கு வருகிறார். அவரை எடுத்துச் சொல்லும் நாம் மாலுமிகளைக் கரையிலேயே விட்டுவிட்டு அவரை மட்டும் அரண்மனைக்குக் கூட்டிப்போகிறோம்.

அந்தக் காலத்து அரசர்களை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கேள்வியில் மரியாதை உண்டு. ஆனால் இதற்கு விடை அந்தக் காலத்திலேயே இருக்கிறது. இலங்கையிலிருந்து இப்னு பதூதா மஅபருக்குப் போகிறார். மதுரை சுல்தான் கியாதுத்தீன் அவருக்குச் சகலன் முறை; இருவரும் அக்கா தங்கையரை மணந்தவர்கள். அந்தச் சுல்தான், பிடிபட்ட இந்துக்களைக் கழுவேற்றியதையும் அவர்களின் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் இப்னு பதூதா விவரமாக எழுதுகிறார். ஒரு நாள் சுல்தானோடு உணவுண்ணும்போது கைதி ஒருவனை மனைவியோடும் சிறு மகனோடும் கொண்டுவருகிறார்கள். கொலைக் கட்டளை பிறக்கிறது. இவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எந்த அரசனும் செய்ததாகத் தாம் அறியாத இழிசெயல் இது என்றும், இதனாலேயே அல்லாஹ் அவனுக்கு மரணத்தை விரைவுபடுத்தினான் என்றும் எழுதிவைத்தார். அவனுடைய விருந்தாளி, உறவினர், ஒரே மார்க்கத்தவர். 14ஆம் நூற்றாண்டு மனிதர். அளவுகோல் அன்றும் இருந்தது.

இப்னு பதூதா சொன்னவற்றை மொறோக்கோ அரசவையில் பலர் நம்பவில்லை என்று இப்னு கல்தூன் குறிப்பிடுவது சுவையான தகவல். அதே கல்தூன், செய்திகளில் பொய் புகுவதற்கான காரணங்களை வரிசைப்படுத்தும்போது முதலில் வைப்பது பக்கச்சார்பை. அரசர்களைப் பொறுத்தவரை இந்தப் பக்கச்சார்பு இலேசில் பிடிபடுவதில்லை. கதை நம்மைத் தூக்கிக் குதிரை மேல் அமர்த்திவிடுகிறது. அங்கிருந்து பார்த்தால் படையும் கொடியும் தெரியும். குளம்புகளின் கீழே இருப்பது தெரியாது.

இனி உசனுக்கு வருவோம். சோனகர் முதலில் அங்கே குடியிருந்து, பின் நல்லூரில் வாழ்ந்தார்கள் என்கிறது வைபவமாலை. அவர்களை அங்கிருந்து அகற்ற விரும்பிய தமிழர், கிணறுகளில் பன்றி இறைச்சியைப் போடுவித்தார்கள். குடிக்க நீரில்லாமல் சோனகர் காணிகளை விற்றுவிட்டு நாவாந்துறைப் பக்கம் போனார்கள். புலவர் இதைக் கோபமோ வருத்தமோ இல்லாமல் ஓர் உபாயம் போலச் சொல்லிவிட்டுப் போகிறார். ஆனாலும் சொன்னார். 1990 ஒக்ரோபர் 30 அன்று இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு இந்தப் பகுதியைச் சாதாரணமாகப் படித்துப்போக முடியாது. அந்த மாதம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் அகதிகளாகத் தங்கியது, இப்னு பதூதா முத்து வாங்கிய அதே புத்தளத்தில்.

எனவே நம்மில் பலர் வைபவமாலையைத் திறந்தால் கிணற்றுக் கதையைத் தேடிப் படித்துவிட்டு மூடிவைக்கிறோம். மற்றவர்கள் சங்கிலியின் வீரத்தைப் படித்துவிட்டு மூடிவைக்கிறார்கள். கத்தோலிக்கர் மன்னாரைப் படிப்பார்கள். அவரவர் காயத்தை அவரவர் படிப்பது இயல்பு. ஆனால் அது பெரிய நூலல்ல. நெல்லியடியில் ஓர் இளைஞர் அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் சில மாலைகளில் முழுவதையும் படித்துவிடலாம், மன்னாரையும் தாண்டாமல், கிணறுகளையும் தாண்டாமல்.