இல்லாமற்போன கோள்

சொன்ன சொல்லை எங்கே வைத்துத் திருப்பிப் பெற வேண்டும்? நீண்டகாலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி இது. இதற்கு எனக்குக் கொஞ்சம் வெளிச்சம் தந்தது தத்துவ நூலொன்றல்ல. தூரத்து நட்சத்திரமொன்றைச் சுற்றுவதாகச் சொல்லப்பட்ட ஒரு கோளின் கதை.

1991 ஜூலையில், இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க் அவதான நிலையத்தைச் சேர்ந்த அன்ட்ரூ லைனும் அவரது சகாக்கள் இருவரும் 'நேச்சர்' சஞ்சிகையில் ஓர் அறிவிப்பை வெளியிட்டனர். பி.எஸ்.ஆர். 1829-10 என்னும் பல்சரை ஒரு கோள் சுற்றுகிறது. அதன் திணிவு பூமியைப்போல் சுமார் பத்து மடங்கு. ஒரு சுற்றுக்கு அது எடுக்கும் காலம் ஆறு மாதம். சூரியனல்லாத ஒரு நட்சத்திரத்துக்கும் கோள் உண்டென்று அதுவரை எவராலும் ஐயமற நிறுவப்பட்டிருக்கவில்லை. ஆகவே அச்செய்தி உலகெங்கும் பரவியது.

அந்தக் கோளை எவரும் கண்ணால் காணவில்லை. பல்சர் என்பது வெடித்து மடிந்த பெருநட்சத்திரமொன்றின் எஞ்சிய கரு. அது சுழலச் சுழல வானொலித் துடிப்புகள் மணிக்கூட்டின் ஒழுங்கோடு நம்மை வந்தடைகின்றன. பக்கத்தில் கோளொன்று இருந்தால் அது பல்சரைச் சற்றே இங்குமங்கும் இழுக்கும். துடிப்புகள் ஒருகால் முந்தும், ஒருகால் பிந்தும். எத்தனை நாளுக்கு ஒருமுறை இது மாறி வருகிறது என்பதிலிருந்து கோளின் ஆண்டையும், எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து அதன் திணிவையும் கணிக்கிறார்கள்.

ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் நாமும் ஓரிடத்தில் நிற்பவர்களல்லர். பூமி விநாடிக்குச் சுமார் 30 கிலோமீற்றர் வேகத்தில் சூரியனைச் சுற்றி ஓடுகிறது. அதன் பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி செல்லவே 16 நிமிடங்களுக்கு மேல் பிடிக்கும். நமது இந்த ஓட்டத்தைக் கணக்கிலிருந்து கழித்த பின்னரே தூரத்து அசைவைப் பற்றிப் பேச முடியும். அந்தக் கழித்தலில்தான் பிழை நேர்ந்தது. பல்சரின் இருப்பிடம் சற்றே தவறாகக் கொள்ளப்பட்டிருந்தது. பூமியின் பாதை வட்டமல்ல, நீள்வளையம் என்பதும் சரிவரக் கணக்கில் சேரவில்லை. சரியான இருப்பிடத்தை வைத்து லைன் மீண்டும் கணக்கிட்டபோது கோள் மறைந்துபோயிற்று. ஆறு மாதம் நமது ஆண்டின் சரிபாதி அல்லவா? அவர்கள் கண்டது பூமியின் அசைவைத்தான்.

1992 ஜனவரியில் அமெரிக்க வானியல் சங்கத்தின் கூட்டம் அட்லான்டாவில் நடைபெற்றது. அந்தக் கோளைப் பற்றிப் பேசவே லைன் அழைக்கப்பட்டிருந்தார். நூற்றுக்கணக்கான வானியலாளர்கள் முன் எழுந்து நின்று, அப்படியொரு கோள் இல்லை, பிழை எங்களுடையது என்றார். சபை எழுந்து நின்று கைதட்டியது.

இதைப் படித்தபோது எனக்கு எனது வகுப்பறை நினைவுக்கு வந்தது.

நான் கணித ஆசிரியனாக இருந்த காலம். தவணைப் பரீட்சையொன்றில் இரண்டு விடைத்தாள்களில் ஒரே கணக்கு ஒரே விதமாகப் பிழைத்திருந்தது. மற்றவர்கள் அந்தக் கணக்கைத் தொடவேயில்லை. இருவரில் கெட்டிக்காரன் அல்லாதவனை வகுப்பின் முன்னால் எழுப்பி, "பார்த்தெழுதியவன்" என்றேன். சில நாள் கழித்துப் பாடக்குறிப்பைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. கரும்பலகையில் அந்தப் படியைப் பிழையாக எழுதிக் கொடுத்தவன் நானே. இருவரும் என்னைத்தான் பார்த்தெழுதியிருந்தார்கள்.

அவனை விறாந்தைக்குக் கூப்பிட்டு, "நான் பிழையா விளங்கிட்டன், மகன்" என்றேன். "பரவாயில்ல சேர்" என்றான். அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால், நாற்பது பேர் கேட்கச் சொன்னதை ஒருவனிடம் மட்டுமே நான் திருப்பிப் பெற்றிருந்தேன். மற்ற முப்பத்தொன்பது பேரின் மனங்களிலும் அந்த இல்லாத கோள் சுற்றிக்கொண்டே இருந்திருக்கும்.

பெரிய சபையில் பிழையை ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையும் என்றும், சின்ன இடத்தில் ஒப்புக்கொண்டால் போதும் என்றும் நாம் நமக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். மதிப்பு என்று எதைச் சொல்கிறோம்? என்னுடைய மதிப்பைக் காப்பாற்ற அந்தச் சிறுவனின் மதிப்பை அல்லவா நான் விலையாகக் கொடுத்தேன்? எத்தனை பேர் கேட்கச் சொன்னோமோ அத்தனை பேர் கேட்கத் திருப்பிப் பெறுவதுதான் நீதி. அதற்குக் குறைந்தது மன்னிப்பாக இருக்கலாம், திருத்தமாகாது.

அட்லான்டாவில் லைனுக்கு அடுத்துப் பேசியவர் அலெக்சாண்டர் வொல்ஷான். அவரும் ஒரு பல்சரைச் சுற்றும் கோள்களைப் பற்றித்தான் பேச வந்திருந்தார். பூமியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு திணிவுள்ள இரண்டு கோள்கள். ஒன்றின் ஆண்டு சுமார் 66 நாள், மற்றதன் ஆண்டு சுமார் 98 நாள். அவரது சகா டேல் ஃப்ரேய்ல் அந்தப் பல்சரின் இருப்பிடத்தை வேறொரு தொலைகாட்டித் தொகுதியால் தனியாக அளந்து வைத்திருந்தார். லைனின் கணக்கு சறுக்கிய அதே இடத்தை அவர்கள் முன்கூட்டியே சரிபார்த்திருந்தனர். இரு கோள்களும் ஒன்றையொன்று இழுப்பதன் அடையாளமும் 1994இல் துடிப்புகளில் தென்பட்டது. சந்தேகம் நீங்கியது. அந்தக் கோள்கள் இன்றும் உள்ளன.

தூரத்தில் ஓர் அசைவு தெரியும்போது, அதில் எனது அசைவு எவ்வளவு என்று முதலில் கேட்க வேண்டும். கேட்கத் தவறி வாய்திறந்து விட்டால், அதே சபைக்குத் திரும்பிப் போக வேண்டும். எனது மாணவன் இப்போது நடுவயதைத் தாண்டியிருப்பான். அந்த வகுப்பை மறுபடி கூட்ட என்னால் முடியாது. அதனால்தான் இதை அச்சில் எழுதுகிறேன். அந்த நாற்பது பேரில் ஒருவராவது இதைப் படித்தால், மற்றவர்களுக்கும் சொல்லட்டும்: அவன் பார்த்தெழுதவில்லை.