ஆறுதலும் தூர்தலும்: உடல் துளைப்பின் அறம்

முன்னுரை

உடல் யாருக்கு உரியது என்னும் வினா அறவியலில் மிகப் பழமையானது. காதும் மூக்கும் துளைத்து அணி பூணுதல் தமிழர் வாழ்வில் சடங்காகவே நிலைபெற்றுள்ளது. பிறர் காணாத மறைவிடத்தைத் துளைத்து அணி பூணுதலோ இக்காலப் பெருநகர்களில் தனிமனித விருப்பமாகப் பரவி வருகிறது. முன்னதை விழாவாகக் கொண்டாடும் சமூகம் பின்னதை நாணத்தக்கதாகவும் நெறி தவறியதாகவும் கருதுகிறது. இரண்டும் ஊசியால் உடலைத் துளைக்கும் செயல்களே. அங்ஙனமாயின் இவற்றை அறத்தால் வேறுபடுத்துவது யாது? துளைக்கப்படும் இடமா, நோக்கமா, இசைவா? இவ்வினாவுக்கான விடையைத் துளைக்கும் கணத்தில் அன்றித் துளை ஆறும் காலத்தில் தேடுவதாக இக்கட்டுரை அமைகிறது.

சொற்கள் காட்டும் வேறுபாடு

புண் ‘ஆறும்’ என்பது தமிழ் வழக்கு. காதுத் துளை ‘தூர்ந்துவிட்டது’ என்பதும் தமிழ் வழக்கு. கிணறும் குளமும் தூர்வது போலவே, பேணாத துளையும் தூர்கிறது. ஆறுதல் விரும்பப்படுவது, தூர்தல் இழப்பாகக் கருதப்படுவது. பிற புண்களில் ஆறுதல் என்பது மூடிக்கொள்வதாகும். துளைப்பில் மட்டும் புண் மூடாமலே ஆற வேண்டும். துளையின் இரு வாயிலிருந்தும் தோல் உள்நோக்கி வளர்ந்து, துளையின் உட்புறம் முழுவதையும் போர்த்திய பின்னரே அது ஆறியதாகக் கொள்ளப்படும். இதற்குக் காதுமடலின் கீழ்த்தசையில் ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். குருத்தெலும்பிலும் கொப்பூழிலும் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். மறைவிடங்களில் இடத்திற்கேற்பச் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை ஆகும்.

நேர்த்திக்கடனாக அலகு குத்திக்கொள்வோர் அன்றே அலகைக் களைவர். திருநீறு பூசிய துளை விரைவில் மூடிக்கொள்ளும். அங்கே புண் ஒரு நாளைய வேண்டுதலுக்கு உரியது. அணிக்கான துளையோ உடலின் மூடும் இயல்பை எதிர்த்து நாள்தோறும் காக்கப்படுவது. ஆதலின் அது ஒரு செயல் அன்று. தொடர் ஒழுக்கம் எனலாம்.

மடியில் நிகழும் இசைவு

சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம் பதினாறாம் இயல் காது குத்தும் முறையை விரிக்கிறது. குழந்தையின் ஆறாம் அல்லது ஏழாம் மாதத்தில், வளர்பிறையில், செவிலியின் மடியில் அமர்த்தி, விளையாட்டுப் பொருள் காட்டி மகிழ்வித்து, வெயிலொளி ஊடுருவும் இயற்கையான புள்ளியைக் கண்டு துளைக்க வேண்டும் என்கிறது. ஆண் குழந்தைக்கு வலக்காதும் பெண் குழந்தைக்கு இடக்காதும் முதலில் துளைக்கப்படும். காப்பும் அணியும் இதன் நோக்கங்களாகக் கூறப்பட்டுள்ளன. துளையில் பஞ்சுத் திரியிட்டு எண்ணெய் வார்த்து, மூன்று நாளுக்கு ஒருமுறை திரியைப் பருமனாக்க வேண்டும் என்னும் பராமரிப்பு முறையும் உண்டு. அவ்வியலே கிழிந்த காதுமடலை ஒட்டவைக்கும் பதினைந்து முறைகளையும் தொடர்ந்து கூறுவது நோக்கத்தக்கது. துளைப்போடு வினை முடிவதில்லை என்பதை அம்மருத்துவ நூல் அறிந்திருந்தது.

தமிழ்நாட்டில் மடி தாய்மாமனுடையது. முடியிறக்கி, மாமன் மடியில் அமர்த்தி, இனிப்பை வாயிலிட்டுக் காது குத்துவர். குழந்தையின் இசைவு கேட்கப்படுவதில்லை. சுற்றமே அதன்பொருட்டு இசைகிறது. ‘எனக்கே காது குத்துகிறாயா?’ என ஏமாற்றுதலைக் குறிக்கும் வழக்கு எவ்வாறு தோன்றியதாயினும், சடங்கின் உள்ளே உள்ள இந்நிலையை அது நன்கு சுட்டுகிறது. எனினும் இச்செயலை அறமற்றது என எளிதில் ஒதுக்கவியலாது. வளர்ந்த பின் அணி வேண்டாதவர் அதைக் களைந்தால் பெரும்பாலும் துளை சுருங்கும் அல்லது தூரும். சுற்றம் செய்த முடிவை மாற்றும் வாய்ப்பு பிள்ளைக்கு எஞ்சியுள்ளது.

அவ்வாய்ப்பு இல்லாத நிலைக்குப் பாம்படம் சான்றாகும். தென்மாவட்டங்களில் பெண் குழந்தையரின் காதைத் துளைத்து, எடை மிக்க அணிகளால் தோள் தொட வளர்த்தனர். அன்று அழகெனப் போற்றப்பட்ட அக்காது, வழக்கம் மாறியபோது பழமையின் அடையாளமாயிற்று. வளர்ந்த காது தானே சுருங்காது. எனவே பெண்கள் பலர் மடலை அறுத்துத் தைத்துக்கொள்ள நேர்ந்தது. ஒருவர் இசைவின்றிப் பெற்ற முதற்புண்ணை நீக்க, இரண்டாம் புண்ணை அவரே ஏற்க வேண்டியதாயிற்று. வெளிப்பட நிகழ்ந்ததும் ஊரே ஒப்பியதும் அச்செயலின் அறத்தை முழுமையாக்கவில்லை.

மறைவிடத் துளைப்பு: ஒரு பழஞ்சான்று

மறைவிடத் துளைப்பை மேலைநாட்டு வரவெனக் கருதுவது பொருந்தாது. வாத்சியாயனரின் காமசூத்திரம் ஏழாம் பகுதியில் தென்னாட்டார் வழக்காக இதைக் குறிக்கிறது. காது குத்துவது போன்றே ஆண்குறியைச் சிறுவயதில் துளைப்பர் என அது கூறுகிறது. இளைஞன் துளைத்துக்கொண்டால் குருதி நிற்கும்வரை நீரில் நிற்றல், துவர்ப்புச் சாற்றால் கழுவித் தூய்மை செய்தல், மென்குச்சிகளைச் செருகிப் படிப்படியாகத் துளையை விரித்தல், அதிமதுரமும் தேனும் கொண்டு கழுவுதல் முதலியவற்றையும் உரைக்கிறது. ‘தென்னாட்டார்’ என்னும் பொதுப்பெயர் தமிழரைக் குறித்ததெனக் கொள்ள அச்சொல் ஒன்றே போதிய சான்றாகாது. எனினும் ஆறும் முறைக்கு அந்நூல் தரும் இடம் கருதத்தக்கது. இன்பம் பெருக்கும் இத்தகைய விந்தை முறைகளைக் கூறிய ஆசிரியரே, அவற்றை அவ்விடத்திலேயே கவனத்துடன் விலக்கியும் உள்ளார்.

இதற்கு மறுதலையாக, இடைக்காலக் கலந்தர், ஐதரி முதலிய துறவியர் புலனடக்கத்தின் அடையாளமாக மறைவிடத்தில் இரும்பு வளையம் பூண்டனர். ஒரே இடம், ஒரே வகைப் புண். ஒன்று இன்பத்திற்கு, மற்றொன்று இன்ப மறுப்பிற்கு. ஆகவே இடம் மட்டும் அறத்தைத் தீர்மானிப்பதில்லை. தமிழ் மரபிலும் மார்பில் பட்டது விழுப்புண்ணாகவும், முதுகில் பட்டது நாணத்தக்கதாகவும் கொள்ளப்பட்டன. வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேரலாதன் வடக்கிருந்தான். எனினும் அங்கே இடம் மதிக்கப்பட்டது, அது வீரனின் உளநிலையைக் காட்டும் குறி என்பதனாலேயே ஆகும்.

சட்டத்தின் நோக்கு

பதினெட்டு வயது கடந்தவர் தம் இசைவுடன் ஏற்கும் தீங்கு, இறப்பையோ கொடுங்காயத்தையோ விளைவிக்கும் நோக்கம் கொண்டதாகவும், அவ்வாறு விளைவிக்கும் என அறியப்பட்டதாகவும் இல்லாதவிடத்துக் குற்றமாகாது என்பது பாரதிய நியாய சன்ஹிதா 25ஆம் பிரிவின் கருத்து. பன்னிரண்டு வயதிற்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யப்படுவதற்குக் காப்பாளரின் இசைவை 27ஆம் பிரிவு ஏற்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் பிரவுன் வழக்கின் 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பு, உடற்காயத்திற்கு இசைவு எப்போதும் விடையாகாது என உரைத்தபோதும், காது குத்துதலையும் பச்சை குத்துதலையும் விலக்காக ஏற்றது.

சிக்கல் வேறோரிடத்தில் எழுகிறது. பெண்ணுறுப்புச் சிதைப்பை நான்கு வகையாகப் பகுக்கும் உலக நலவாழ்வு அமைப்பு, நான்காம் வகையில் துளைத்தலையும் சேர்த்துள்ளது. இதையொட்டி இங்கிலாந்தில் 2015இல், வளர்ந்த பெண் தானே விரும்பிச் செய்துகொண்ட துளைப்பும் சிதைப்பாகவே பதிவாகும் நிலை உருவானது. சிறுமியரைக் காக்கும் நோக்கம் உயர்ந்தது. வற்புறுத்தலால் நிகழ்ந்ததை விருப்பமெனப் பொய்யுரைக்கும் வாயிலை அடைக்கவும் அது உதவும். ஆயினும் பிடித்து அமுக்கப்பட்ட சிறுமியின் வெட்டுக்காயமும், வளர்ந்தவள் நாடிச்சென்று ஏற்ற துளையும் ஒரே பெயரில் அடங்குமாயின், முன்னதன் கொடுமை குறைத்துக் காட்டப்படுகிறது. பின்னவளின் சொல் மதிப்பிழக்கிறது. வெட்டி எடுக்கப்பட்டது மீளாது. துளையோ, பெரும்பாலும், அணியைக் களைந்தால் மீளும்.

மடியற்ற நகரம்

ஓசூர்ச் சாலையில் ஆனேக்கல் வட்டத்தைச் சார்ந்த பொம்மசந்திரா, தொழிற்பேட்டையால் வளர்ந்த ஊர். 2025 ஆகஸ்டு முதல் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் அதை நகரின் உட்பகுதியோடு இணைக்கிறது. தமிழகத்திலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த இளையோர் இத்தகைய ஊர்களில் வாடகை அறைகளில் வாழ்கின்றனர். இங்கே மாமன் மடி இல்லை. சுற்றத்தின் கண்காணிப்பும் இல்லை. விருப்பம் தனிமனிதருடையது, அதனால் ஆற்றும் பொறுப்பும் அவருடையதே. தொழிற்கூட முறைநேரங்களுக்கு இடையே நாள்தோறும் உப்புநீரால் கழுவுதல், கையால் தொடாதிருத்தல், இறுக்கமான உடை தவிர்த்தல், புணர்ச்சியில் பொறுத்திருத்தல் எனப் பல வாரங்கள் செல்லும். இதில் துணைவரின் பொறுமையும் அடங்கும்.

நாணம் தீங்காக மாறுவது இந்நிலையில்தான். வீக்கமோ சீழோ காணும்போது, மருத்துவரின் ஏளனத்திற்கு அஞ்சி ஒருவர் அணியைத் தானே கழற்றி எறிவார். வெளிவாய் மூடி, சீழ் உள்ளே தங்கிக் கட்டியாகக்கூடும். குழந்தையின் காது சீழ்பிடித்தால் வீடே கவலை கொள்கிறது; மறைவிடத்துப் புண்ணுக்கோ ‘உனக்கு ஏன் இந்த வேலை?’ என்னும் வினாவே முதல் மருந்தாகக் கிடைக்கிறது. நாவின் வடு தீப்புண்ணினும் கொடிது என வள்ளுவர் உணர்த்தியது இவண் எண்ணத்தக்கது. புண்பட்டவருக்கு மருந்து தருதல், அவர் செயலை ஒப்புவதாகாது. ஒப்பாமையைக் காரணமாக்கி மருந்தைக் கடுமையாக்குதல் அறமும் ஆகாது.

முடிவுரை

உடல் துளைப்பின் அறத்தை மூன்று வினாக்களால் அளக்கலாம். யாருடைய விருப்பம்? மீளும் வழி திறந்துள்ளதா? ஆற்றும் பொறுப்பை ஏற்பவர் யார்? பெண்ணுறுப்பைச் சிதைத்தல் மூன்றிலும் தோற்கிறது. பாம்படம் முதல் இரண்டில் தோற்கிறது. காது குத்துதல் முதலாவதில் குறைபட்டாலும் ஏனையவற்றால் தாங்கப்படுகிறது. வளர்ந்தவரின் மறைவிடத் துளைப்பு முதல் இரண்டிலும் தேறுகிறது. மூன்றாவதில் அவர் தனித்து விடப்படுகிறார். துளைக்கும் கணத்தில் தந்த இசைவை, ஆறும் காலம் நாள்தோறும் மீண்டும் கேட்கிறது. வேண்டாதவருக்குத் தூரவிடும் உரிமை உண்டு. வேண்டுபவருக்கு ஆற்றிக்கொள்ளும் உரிமை உண்டு. இவ்விரண்டையும் அச்சமின்றிப் பயன்படுத்தத் துணைநிற்பதே இதில் சமூகத்தின் கடமையாகும்.