பார்வையிலும் ஹலால் உண்டா?

உண்பதில் ஹலால் எது, ஹராம் எது என்று நுணுகி ஆராயும் நாம், காண்பதில் அவ்வாறு ஆராய்கிறோமா? அந்நிய மாதரை நோக்கும் பார்வையோடு அந்த ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்கிறோம். இறைவனின் படைப்புகளைக் கண்டு மகிழ்வதில் குற்றம் ஏது என்பதே நம் எண்ணம். கரைவெட்டி ஏரிக்கரையில் கழிந்த ஒரு நண்பகல் அவ்வெண்ணத்தை அசைத்துவிட்டது.

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஒரு பாசன ஏரி. மேட்டூர் அணையில் திறக்கப்படும் காவிரி நீர், புள்ளம்பாடி வாய்க்கால் வழியே அதனை வந்தடைகிறது. சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள அவ்வேரி 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஈரான் நாட்டு ராம்சர் நகரில் 1971-இல் உருவான உடன்படிக்கையின்படி, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் 2024-இல் இடம் பெற்றது. குளிர்காலத்தில் ஊசிவால் வாத்து, வரித்தலை வாத்து முதலியன அங்கு வந்து தங்குகின்றன. வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத் முதலிய இடங்களில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து தெற்கே வருவது. அது 7,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் பறந்ததும் பதிவாகியிருக்கிறது.

தை மாதத்தில் மாணவர் சிலருடன் அங்கே சென்றோம். ஒருவர் காமிரா கொண்டு வந்திருந்தார். வாத்துகள் அலகைச் சிறகினுள் செருகி அமைதியாய் மிதந்துகொண்டிருந்தன. பறக்கும் நிலையில் படம் வேண்டும் என்ற ஆவலில் அம்மாணவர் ஒரு மண்ணாங்கட்டியை நீரில் எறிந்தார். நூற்றுக்கணக்கான பறவைகள் ஒருசேர எழுந்தன. நாம் அவரைத் தடுக்கவில்லை. அண்ணாந்து நோக்கி, "ஸுப்ஹானல்லாஹ்" என்றோம். இல்லம் திரும்பிய பின்னரே அந்தச் சொல் நெஞ்சை உறுத்தலாயிற்று. ஓர் உயிரை வெருட்டிப் பெற்ற காட்சிக்காக இறைவனைத் துதித்தல் துதியாகுமா?

பறவைகளைப் பார்க்குமாறு திருக்குர்ஆனே நம்மைத் தூண்டுகிறது. ஆனால் ஸூரத்துல் முல்க் சுட்டிக்காட்டுவது, தலைக்கு மேலே தாமாகச் சிறகு விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளை. நம் கல்லுக்கு அஞ்சி எழுந்தவற்றை அன்று.

"குஞ்சையோ முட்டையையோ நாம் எடுக்கவில்லையே" என்று சிலர் கேட்கலாம். ஒரு பயணத்தில் தோழர்கள் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை பதறிச் சிறகடித்ததைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அக்குஞ்சுகளைத் திருப்பி விடுமாறு பணித்ததை அபூதாவூதில் ஓதுகிறோம். குஞ்சைத் திருப்பித் தரலாம். கெடுத்த ஓய்வை எவ்வாறு திருப்பித் தருவது? வரித்தலை வாத்துகள் பெரும்பாலும் பகலில் நீரில் ஓய்ந்து, அந்தியிலும் இரவிலும் மேயச் செல்பவை. வீணே எழுந்து பறக்குந்தோறும், திரும்பிச் செல்லும் நெடும்பயணத்துக்கென உடலில் சேர்த்த கொழுப்பு கரைகிறது.

நம் நண்பகல், அவற்றுக்குத் துயிலும் வேளை. ஸூரத்துன் நூர், வீட்டுச் சிறாரும் பணியாளருங்கூட அனுமதி பெற்றே உள்ளே வரவேண்டிய மூன்று வேளைகளைக் குறிக்கிறது. அவற்றுள் ஒன்று நண்பகல் ஓய்வு. அவ்விதி மனிதருக்கே உரியது; அதைப் பறவைகளுக்கும் சட்டமாக நீட்ட நாம் முனையவில்லை. எனினும், பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என ஸூரத்துல் அன்ஆம் உரைத்திருக்க, ஒரு சமுதாயத்தின் ஓய்வறையுள் கல்லெறிந்து நுழைவது எந்த ஒழுக்கத்தில் சேரும்?

பறவையியல் அறிஞர் ஸாலிம் அலீ (1896–1987) சிறுவராயிருந்தபோது, தாம் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறத்தைக் கண்டு, அது உண்ண ஆகுமானதுதானா என ஐயுற்றார். அந்த ஐயமே அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு இட்டுச் சென்றது. ஆயுள் முழுதும் நீண்ட கல்விக்கு அதுவே வாயிலாயிற்று. ஹலாலா என்னும் ஐயம் அறிவை அடைப்பதில்லை, திறக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அதே ஐயத்தைக் கண்ணுக்கும் எழுப்பினால், மறைவில் அமர்ந்து, அவை தாமாக எழும் அந்திவரை காத்திருக்கும் பொறுமையையாவது கற்போம்.

அம்மாணவர் தாம் எடுத்த படத்தை அன்போடு நம்மிடம் தந்தார். அழகிய படம். அதைப் பெற்றபோதும் நாம் வாய் திறக்கவில்லை. கற்பிக்கும் கடமையுள்ளவர் மௌனமாயிருந்தது, கல்லெறிந்தவர் பிழையினும் பெரிது. சென்ற வாரம் அவரை அழைத்து, நம் பிழையை முதலிலும் அவர் பிழையைப் பின்னரும் எடுத்துரைத்தோம். வல்ல அல்லாஹ் இருவரையும் மன்னிப்பானாக!