நீர் நிறுத்தும் நேரம்

கொடுப்பதே அன்பு, கொடாமை அன்பின்மை என்பது உலகோர் பொதுவாகக் கொண்டுள்ள கருத்து. தாய் ஊட்டுகிறாள், ஆசிரியர் கற்பிக்கிறார், உழவர் நீர் பாய்ச்சுகிறார். அங்ஙனமாயின், கொடுத்துப் பழகிய கை ஒருநாள் கொடாது நின்றுவிடுவது அறமாகுமா? இவ்வினாவிற்கு வீட்டுக் கொல்லையிலுள்ள வெங்காயப் பாத்தி ஒன்று விடை பகர்கின்றது.

பெரிய வெங்காயத்தில் பல வகைகள், பகற்பொழுது நீண்டால்தான் திரளும். நிலநடுக்கோட்டை அடுத்துள்ள மலேசியாவில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமே. ஆதலின், இங்குள்ள வீட்டுத் தோட்டத்திற்குச் சின்ன வெங்காயமே ஏற்றது. நாட்டின் வெங்காயத் தேவையைப் பெரும்பாலும் இறக்குமதியே நிறைவு செய்கின்றது. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்த இந்தியா, 2024 மே மாதத்தில்தான் அதனை நீக்கியது. அத்தகைய நாள்களில் கொல்லைப் பாத்தியின் அருமை நன்கு புலனாகும்.

நீர் தேங்காத உயர்ந்த பாத்தியில், நுனி சற்றே வெளியில் தெரியுமாறு வெங்காயம் நடப்படுகின்றது. அதன் வேர் ஆழமாகச் செல்வதில்லை. ஆகவே, மேல்மண் காயாதவாறு நாளும் பேண வேண்டும். நட்டது ஒன்றே, திரள்வதோ ஒரு கொத்து. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் தாள்கள் மஞ்சளித்துத் தாமே சாயத் தொடங்கும். அப்போது தோட்டக்காரர் நீரை நிறுத்திவிடுகிறார். இரக்கத்தால் மேலும் நீர் வார்த்தால் கழுத்துப் பகுதி உலராது. பறித்து வைத்த சில நாள்களிலேயே அழுகல் தோன்றும். நீர் நின்ற வெங்காயமோ நிழலில் காற்றாட உலர்ந்து, தன்னைக் காக்கும் தோலைத் தானே போர்த்திக்கொள்ளும்.

மாணவன் வினாவுமுன் விடை கூறிவிடும் ஆசிரியரும், மகனின் சுமையனைத்தையும் தாமே சுமக்கும் பெற்றோரும் கொடுப்பது அன்பினாலேயே. எனினும், அவ்வன்பு மாணவனுக்கும் மகனுக்கும் தோல் முற்ற இடந்தருவதில்லை.

இதனைக் கேட்ட ஒருவர், “அப்படியாயின் சோம்பலால் கைவிடுபவரும் இதனையே காரணமாகக் காட்டலாமே?” என வினவலாம். வினா தக்கதே. தாள் பசுமையாக இருக்கையில் நீரை நிறுத்தினால் வெங்காயம் சிறுத்துப்போகும். அறுவடையை விரைவுபடுத்த எண்ணிப் பச்சைத் தாளைக் கையால் மடக்கிவிடுவாரும் உளர். அவ்வாறு மடக்கிய வெங்காயம் நன்கு திரள்வதுமில்லை, நெடுநாள் இருப்பதுமில்லை. பருவம் வாராத பிள்ளையைத் தன் காலில் நில் என்று தள்ளிவிடுவதும் அத்தகையதே. வள்ளுவர் ‘காலமறிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். அக்காலத்தை அறிவிப்பது கொடுப்பவரின் களைப்பன்று, பெறுபவரின் முதிர்ச்சியே.

அவ்விருவரையும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் ஒன்றுண்டு. சோம்பியவர் நீரை நிறுத்தியதும் பாத்தியை மறந்துவிடுகிறார். நல்ல தோட்டக்காரரோ அதன் பின்னரே வானத்தை மிகுதியாக நோக்குகிறார். மழை வருமோ என அஞ்சுகிறார். நாள்தோறும் தாளைத் தொட்டுப் பார்க்கிறார். கொடுத்த நாள்களைவிடக் கொடாத நாள்களிலேயே அவர் நெஞ்சம் பாத்தியில் மிகுதியாக உறைகின்றது.

கை விலகலாம், கண் விலகலாகாது.