தேநீரின் இன்பமும் தம்மத்தின் வழியும்

சென்ற ஞாயிறன்று நம் சங்கத்தில் தம்ம உரை முடிந்தபின், இளைஞர் ஒருவர் என்னை அணுகி, “ஐயா, பஞ்சசீலம் ஏற்ற ஒருவன் தேநீரை அதன் மணத்திலும் சுவையிலும் மகிழ்ந்து பருகலாமா? அது ஆசையை வளர்ப்பதாகாதா?” என்று வினவினார். அவர் சுட்டியது பெர்காமோட் மணமூட்டிய கடுந்தேநீரை. எனக்கு உகந்த பானமும் அதுவே. ஆகையால் விடை கூறுமுன் என்னையே நான் சோதித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

முதலில் பொருளின் இயல்பை அறிவோம். பெர்காமோட் என்பது இத்தாலி நாட்டின் தென்கோடியிலுள்ள கலாப்ரியாவில் மிகுதியாக விளையும் எலுமிச்சை இனத்துக் கனி. புளிப்பும் கைப்பும் மிக்க அதன் சாற்றைவிடத் தோலிலுள்ள நெய்யே மதிப்புடையது. வாட்டி, உருட்டி, காற்றுப்படக் கறுக்கவைத்து உலர்த்திய தேயிலையில் அந்நெய்யைச் சிறிது கலந்தால், நம் நாரத்தை இலையைக் கசக்கினாற்போன்ற நறுமணம் எழுகின்றது. கொதிநீரில் நான்கைந்து நிமிடம் ஊறவிட்டுப் பாலின்றிப் பருகினால், நாவில் துவர்ப்பும் மூக்கில் மணமும் ஒருங்கே நிற்கும்; சோர்ந்த உள்ளம் தெளியும். இது இன்பமே. இல்லையென மறுப்பது பொய்யாகும். பொய்யாமையும் நம் சீலங்களுள் ஒன்றன்றோ?

ஐந்தாம் சீலம் விலக்குவது, மயக்கி விழிப்பைக் கெடுக்கும் மதுவகைகளை. தேநீர் அத்தகையதன்று. 1191ஆம் ஆண்டில் சீனத்தினின்று ஜப்பானுக்குத் திரும்பிய எய்சாய் என்னும் பௌத்தத் துறவி தேயிலை விதைகளைக் கொணர்ந்தார். தேநீரின் நன்மைகளைக் குறித்து நூலும் இயற்றினார். தியானத்தில் உறக்கம் வாராதிருக்கத் துறவிகள் அதனைப் பருகினர். ஆகவே பானத்தில் குற்றமில்லை. குற்றம் உண்டாயின், அதைப் பருகுவோனிடத்திலேயே தேட வேண்டும்.

மணிமேகலை பன்னிரு சார்புகளைக் கூறுமிடத்தில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்பன ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. மணம் மூக்கில் படுவது ஊறு. இனிது என உணர்வது நுகர்வு. இவை விடுதலையுற்ற பெரியோர்க்கும் உண்டு. சுஜாதை அளித்த பாற்சோற்றைச் சித்தார்த்தர் ஏற்று உண்டபோது, அவர் நா சுவையறியாது போயிற்றென்று எவரும் கூறார். ‘இது எனக்கு என்றும் வேண்டும்’ என்று மனம் தாவுமிடத்தில்தான் வேட்கை பிறக்கின்றது. நமது பயிற்சி அவ்விடத்திலேதான்.

அவ்விடத்தில் நான் தோற்றவன். அன்பர் ஒருவர் அத்தேயிலையில் ஒரு டப்பா கொடுத்தார். விடியல்தோறும் பருகி வந்தேன். ஒருநாள் என் மனைவியார் எஞ்சியதை விருந்தினர்க்கு அளித்துத் தீர்த்துவிட்டதை அறிந்து கடுஞ்சொல் கூறினேன். அன்று மாலை பொறுமையைக் குறித்துப் பேச வேண்டியவன் நான்! பேச நா எழவில்லை. தேநீர் இருந்தபோது புலப்படாத பற்று, அது தீர்ந்தபோது புலப்பட்டது.

“அப்படியாயின் விட்டுவிடுவதே மேல்” என்பர் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. என் இளமையில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் நம்மவர்க்கென்று வேறு குவளை இருந்தது. குடித்தபின் நாமே கழுவி வைக்க வேண்டும். அக்குவளையில் எத்துணை நல்ல தேநீரை ஊற்றினும் அது இனித்ததில்லை. நல்லன எவையும் உமக்குரியன அல்ல என்று கூறிய ஒழுங்கினின்று வெளியேறி வந்தவர் நாம். பிறர் மறுத்ததைப் பெறாதிருப்பது துறவாகாது. கையிலுள்ளதைத் தெளிந்த உள்ளத்தோடு விடுவதே துறவு, பகிர்வதே ஈகை.

இன்னும் ஒன்றுண்டு. இத்தேநீர் எவர் பெயரைத் தாங்குகின்றதோ, அந்த ஏர்ல் கிரே பிரபு 1830 முதல் 1834 வரை பிரிட்டனின் பிரதமராயிருந்தவர். அவர் ஆட்சியில் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. ஆயினும் தோட்ட முதலாளிகள் அடிமைகளுக்கு மாறாக ஒப்பந்தக் கூலிகளைத் தேடினர். நம் ஏழை மக்கள் கடல் கடந்தனர். இலங்கையில் 1867இல் தேயிலைத் தோட்டம் தொடங்கியபின், அங்குக் கொழுந்து கிள்ளிய கைகள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களுடையவை. அவர்களுள் ஒடுக்கப்பட்ட குலத்தவர் மிகப் பலர். கோப்பையை ஏந்துவோன் அக்கைகளை மறப்பானாயின், அவன் மது அருந்தாவிடினும் விழிப்பிழந்தவனே.

ஆகவே அவ்விளைஞர்க்கு நான் கூறியது இது: “பருகுக, மணத்தை முழுதும் உணர்க, இன்னும் வேண்டும் என மனம் எழுமாயின் அதையும் உணர்க. தனியே ஒளித்து வையற்க.” இப்பொழுது அத்தேயிலை டப்பா என் வீட்டில் இல்லை, சங்கத்தின் அலமாரியில் இருக்கின்றது. ஞாயிறன்று வருவோர் யாவர்க்கும் ஒரே வகைக் குவளையில் அவ்விளைஞரே ஊற்றித் தருகின்றார். சில வாரங்களில் எனக்குக் கிடைக்குமுன் தீர்ந்துவிடுவதும் உண்டு. அப்பொழுது என் மனத்தை நான் கவனித்துக்கொள்கிறேன்.

யாவர்க்கும் நன்மை உண்டாகுக!