தண்டனைக் காலமும் நோய்க் காலமும்

அந்தமானில் வாழும் அன்பர்களுக்குப் புரோத்ராபூர் என்றதும் அங்குள்ள சிறைச்சாலை நினைவுக்கு வரும். தண்டனைக் காலம் முடிந்தவர் அதன் வாயிலைக் கடந்து வீடு திரும்புகிறார். 1858-இல் தண்டனைக் குடியேற்றமாகத் தொடங்கிய அத்தீவுகளில், கைதிகளாகச் சென்ற பலர் பின்னர் நிலம் உழுதனர், மணம் புரிந்தனர், ஊர்களை உண்டாக்கினர். கொலை புரிந்தவனுக்கும் தண்டனைக்கு ஓர் எல்லை உண்டென்பதை உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

தொழுநோயுற்றவர் புரிந்த குற்றம் யாது? அவருக்குரிய எல்லை எங்கே உள்ளது? இதுவே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

அவர்களையும் உலகம் தீவுகளுக்கே அனுப்பியது. ஹவாயில் மொலக்காய்த் தீவு 1866 முதல் 1969 வரை அவர்களின் காவலிடமாக இருந்தது. இலங்கையில் மட்டக்களப்பை அடுத்த மாந்தீவில் அவர்களுக்கென மருத்துவமனை எழுந்தது. நம் நாட்டில் 1898-ஆம் ஆண்டுச் சட்டம், வறிய தொழுநோயாளரைப் பிடித்து அடைத்து வைக்க அதிகாரம் அளித்தது. பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும் அதே ஆண்டில்தான். அச்சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிர் என ஹான்சன் கண்டதோ 1873-இல். கூட்டு மருந்துச் சிகிச்சை 1980-களில் வந்தபின், ஆறு திங்களிலோ ஓராண்டிலோ நோய் தீர்ந்துவிடுகிறது. ஆயினும் ஒரிஸ்ஸாவில் உள்ளாட்சி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரைத் தொழுநோய் காரணமாக விலக்கியது செல்லும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. இந்நோயை மணவிலக்குக்குரிய காரணங்களுள் ஒன்றாக வைத்திருந்த சட்டங்கள் 2019-இல்தான் திருத்தப்பட்டன.

"அவரவர் வினைப்பயன்" என்று சிலர் கூறுவர். நம்மவரிலும் அவ்வாறு கூறுவோர் உண்டு. அதனால் இதைச் சற்று நின்று ஆராய்வோம். உதானம் என்னும் நூலில் சுப்பபுத்தன் என்ற தொழுநோயாளியின் வரலாறு வருகிறது. இராசகிருகத்தில் அவனைவிட ஏழை எவருமிலர். கூட்டம் கூடியிருப்பதைக் கண்டு, உணவு பங்கிடுகிறார்கள் போலும் என்றெண்ணி வந்தவன், அது தருமம் கேட்கும் அவையென்று அறிந்து ஓர் ஓரத்தில் அமர்ந்தான். அவ்வவையில் தருமத்தை உணரவல்லவர் யாரென நோக்கிய பகவான், அவனையே கண்டார். அவனை முன்னிட்டே அன்று போதித்தார். அவன் நோய்க்கு அந்நூல் கூறும் முற்பிறவிக் காரணம் என்ன தெரியுமா? ஒரு பிரத்தியேக புத்தரைக் கண்டு, "யார் இந்தக் குஷ்டரோகி?" என்று இகழ்ந்து உமிழ்ந்தான் என்பதே. இக்கதையைக் காட்டி நோயாளியைப் பழிப்போர், கதை எதைத் தீவினை என்கிறது என்பதை மறந்துவிடுகின்றனர்.

விநயத்தில் தொழுநோயாளருக்குத் துறவு மறுக்கப்பட்டதே எனக் கேட்கலாம். அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஜீவகரின் சிகிச்சையைப் பெறுவதற்காகவே பலர் சீவரம் பூண்டு, நோய் தீர்ந்ததும் களைந்து சென்றதால் எழுந்த விதி அது. துறவு நுழைவைப் பற்றிய அவ்விதியை வைத்து, இல்லறத்தார் தம் மன்றத்தில் ஒருவரை விலக்குதல் எவ்வாறு பொருந்தும்? தீட்டு என்ற சொல்லின் கொடுமையைத் தம் முதுகில் சுமந்து வெளிவந்த நம்மவர், அதே சொல்லை வேறொருவர் மேல் ஏற்றலாகாது.

உதவி என்றதும் நம் கை சோற்றையும் போர்வையையும் தேடுகிறது. அவை வேண்டியவையே, போதியவை அல்ல. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயில் விரல் தானே அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்றுப் போவதால் சூடும் காயமும் தெரியாமல் கெடுகிறது என்று காட்டினார். மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தினார். ஆனால் கை திருந்தியவர்களுக்குப் பிச்சை குறைந்தது. வேலை தருவாரும் இல்லை. ஆகவே அங்கேயே சிறு குடில்கள் எழுப்பித் தச்சு முதலிய தொழில்களைக் கற்பிக்க வேண்டியதாயிற்று. மருத்துவர் நிமிர்த்திய கையை ஊர் மீண்டும் மடக்கிவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அக்கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார்; 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் அமையக் காரணமானார். அவரை இரக்கத்துக்குரியவராக மட்டும் எண்ணி ஒதுக்கியிருந்தால் எத்தனை கைகள் மடங்கியே கிடந்திருக்கும்!

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழுநோய் தீர்ந்தவரையும் தன்னுள் சேர்த்தது. தமிழ்நாட்டு உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க 2025-இல் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இருக்கை தந்துவிட்டது. நம் சங்கங்களின் நிருவாகக் குழுப் பட்டியலை எடுத்துப் பார்ப்போம். வைகாசிப் பௌர்ணமியன்று வாயிலில் அன்னம் பெற்றுச் செல்வோருள் எத்தனை பேரின் பெயர் அதில் உள்ளது? சுப்பபுத்தன் அன்று ஓரத்திலேயே இருந்துவிடவில்லை. போதனை முடிந்ததும் எழுந்தான். பகவானை அணுகி வணங்கினான். தன்னை உபாசகனாக ஏற்குமாறு தன் வாயாலேயே கேட்டான்.