பெறுபவர் யார்?

அந்தமானின் வண்டூர் போன்ற கடலோரச் சிற்றூரில் ஹீமோபிலியா நோயுள்ள ஓர் இளைஞர் வாழ்வதாக வைத்துக்கொள்வோம். அடிபடாமலே மூட்டுகளுக்குள் இரத்தம் கசியும். இரத்தத்தை உறையச் செய்யும் எட்டாம் காரணியை ஊசி மூலம் ஏற்றினால் சில நாள் நிம்மதி. பிறகு மீண்டும் ஊசி. உள்ளூர் மருத்துவமனையில் அது தீர்ந்துபோனால் கடல் கடந்துதான் வரவேண்டும். ‘ஒருமுறை சிகிச்சை போதும்’ என்று ஒருவர் கூறினால் அவர் எதற்குத்தான் உடன்படமாட்டார்?

அத்தகைய முயற்சி ஒன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடைபெற்றது. கடுமையான ஹீமோபிலியா ‘ஏ’ உள்ள, 22 முதல் 41 வயது வரையிலான ஐவர் அதில் பங்கேற்றனர். அவர்களுடைய ஸ்டெம் செல்களையே எடுத்து, உரிய மரபணுவைச் சேர்த்து, மீண்டும் உடலில் செலுத்தினார்கள். அதற்குமுன் எலும்பு மஜ்ஜையை வெறுமையாக்கும் கடும் மருந்துகளை அவர்கள் தாங்க வேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் முடிவு வெளியாயிற்று. ஐவரையும் சேர்த்துக் கணக்கிட்ட 81 மாதக் கண்காணிப்பில் ஒருமுறையும் இரத்தக்கசிவு இல்லை.

மகிழ்ச்சிக்குரிய செய்திதான். எனினும் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்ட நாளில் இம்முடிவு எவருக்கும் தெரியாது. அறத்தின் சோதனை அந்த நாளுக்கு உரியது. முதற்கட்ட ஆய்வின் முதன்மை நோக்கம் பங்கேற்பவரைக் குணப்படுத்துவதன்று, சிகிச்சை பாதுகாப்பானதா என்று அறிவதே. நோயாளியோ குணமாகவே வருகிறார். ‘ஆய்வு’ என்று மருத்துவர் சொல்வது அவர் செவியில் ‘வைத்தியம்’ என்றே விழுகிறது.

கொடுப்பவனே பெறுபவனுக்கு நன்றியுடையவனாக இருக்க வேண்டும் என்பது சுவாமி விவேகானந்தரின் கர்மயோகப் போதனை. இங்கே கொடுப்பவர் யார்? சாதாரண மருத்துவமனையில் மருத்துவர் கொடுக்கிறார், நோயாளி பெறுகிறார். ஆய்வுக்கூடத்தில் இது தலைகீழாகிறது. நோயாளி தம் உடலையே அளிக்கிறார். மருத்துவரும், விஞ்ஞானமும், இனிப் பிறக்கவிருக்கும் குழந்தைகளும் பெறுகிறார்கள். இதை அவரிடம் மறைத்தால் அவருடைய தானம் களவாகிவிடுகிறது. அறியாமல் எடுத்துக்கொள்ளப்படுவது எப்படித் தானமாகும்?

1999-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், ஈரல் சார்ந்த அரிய நோய்க்கான மரபணுச் சிகிச்சை ஆய்வில் 18 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். தமக்குப் பயனில்லை என்றறிந்தே, அந்நோயுடன் பிறக்கும் சிசுக்களுக்காக முன்வந்தவர் அவர். அதுபோன்ற சிகிச்சை பெற்ற குரங்குகள் இறந்த செய்தி ஒப்புதல் படிவத்தில் இல்லை என்பது பின்னரே தெரியவந்தது. மனமுவந்து கொடுக்க வந்தவரையும் மறைப்பு வெறும் கருவியாக்கிவிட்டது.

இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு மருத்துவ ஆய்வு விதிகள், ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் வழங்கச் சொல்கின்றன. நல்லதே, ஆனால் விதி மனத்திற்குள் நுழையாது. வலியில் துடிப்பவரிடம் ‘பலன் கருதாமல் கொடு’ என்பதும் கொடுமை. நிஷ்காம கர்மம் இங்கே மருத்துவருக்குரிய சாதனை. வண்டூர் இளைஞர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘வேண்டாம், ஐயா’ என்று எழுந்து செல்லலாம். அடுத்த மாதம் மூட்டு வீங்கி அவர் திரும்பி வரும்போது, அதே மருத்துவர் முகம் மாறாமல் பழைய ஊசியை எடுக்க வேண்டும்.